முதல் பஸ்ஸுக்கு முன்னால்

கண்டக்டர் மாமா வேலையிலிருந்து ஓய்வு பெற்ற வருடத்து மழைக்காலம் முடிவதற்குள் இறந்துபோனார்.

அவர் கடுகுக்குச் சொந்த மாமா இல்லை. கடுகின் அப்பா பஸ் டிரைவர். அதே பஸ்ஸில் பல வருடங்கள் கண்டக்டராக இருந்தவர் என்பதால் அவர் மாமா. கடுகு என்பதும் அவளுடைய உண்மையான பெயர் இல்லை. பிறந்தபோது அவ்வளவு சின்னதாக இருந்தாளாம். வளர்ந்து ஐந்தாம் வகுப்புக்கு வந்த பிறகும் அந்தப் பெயர் அவளை விடவில்லை.

மாமாவுக்கும் அப்பாவுக்கும் ஒரே வியாதி. எதைப் பார்த்தாலும், "இது ஏன் இப்படி இருக்கு?" என்று கேட்கும் வியாதி. சிக்னலில் பஸ் நின்றால் போதும், ஆரம்பித்துவிடுவார்கள்.

அவர்கள் பஸ் புறப்படும் நிறுத்தத்துக்கு எதிரே தாவரத் தோட்டம் இருந்தது. மதில் சுவருக்கு மேலே ஒரு பெரிய கண்ணாடி வீட்டின் கூரை தெரியும். காலை வெயில் பட்டால் அது பளபளக்கும்.

"உள்ளே என்னதான் இருக்கும் டிரைவரே?" என்பார் மாமா.

"காடு இருக்கும்ண்ணே."

"அவ்வளவு பெரிய காட்டை எப்படிக் கண்ணாடிக்குள்ள அடைச்சாங்க?"

"ரிட்டயர் ஆனதும் போய்ப் பார்த்துடுவோம்."

தோட்டத்துக்குக் கட்டணம் கிடையாது. ஆனால் காலை ஒன்பது மணிக்குத் திறந்து மாலை ஐந்து மணிக்கு மூடிவிடுவார்கள். அப்பாவோ விடியும்போது முதல் பஸ்ஸை எடுத்தால், விளக்குப் போட்ட பிறகுதான் வீடு திரும்புவார். வார விடுமுறையில் ஒரு கடைக்காரருக்கு வேன் ஓட்டுவார். லீவு மட்டும் எடுக்கவே மாட்டார். எடுக்காத லீவெல்லாம் சேர்ந்து, ரிட்டயர் ஆகும்போது பணமாக வரும்.

மாமா முதலில் ஓய்வு பெற்றார். அதன் பிறகும் இரண்டு மூன்று தடவை, குளித்து, சட்டை மாற்றிக்கொண்டு, பஸ் நிறுத்தத்துக்கு வந்து நின்றார்.

"ஒரே ஒரு நாள் லீவு போடுங்க டிரைவரே. போயிட்டு வந்துடலாம்."

"அடுத்த மாசம்ண்ணே."

அந்த அடுத்த மாதம் வருவதற்குள் மாமா போய்விட்டார். அப்பா அன்று அரை நாள் லீவு எடுத்தார். மறுநாள் காலை முதல் பஸ்ஸை எப்போதும் போல நேரத்துக்கு எடுத்தார். ஆனால் சிக்னலில் நின்றபோது யாரிடமும் எதுவும் கேட்கவில்லை.

வீட்டிலும் அப்படித்தான். சாப்பிடுவார், கை கழுவுவார், படுப்பார். முன்பெல்லாம் கடுகின் அறிவியல் புத்தகத்தை அவளுக்கு முன்னால் அவர்தான் படித்து முடிப்பார். இப்போது அது அலமாரியில் கிடந்தது.

ஒரு நாள் பள்ளியிலிருந்து வரும்போது தோட்டத்து வாசலில் ஒரு புதிய பலகையைக் கடுகு பார்த்தாள். ஆள் உயரத்தைத் தாண்டும் ஒரு பூ, பல வருடங்களுக்குப் பிறகு முதல்முறையாகப் பூக்கப்போகிறது என்று எழுதியிருந்தது. ஒன்றிரண்டு நாளில் வாடிவிடுமாம். கீழே சின்ன எழுத்தில், 'துர்நாற்றம் வீசும், பொறுத்துக்கொள்ளவும்' என்றும் இருந்தது.

கடுகு மூச்சு வாங்க வீட்டுக்கு ஓடினாள். அப்பா வரும்வரை வாசலிலேயே நின்றாள்.

"அப்பா! அந்தக் கண்ணாடி வீட்டுக்குள்ள ஒரு பூ. செத்த எலி மாதிரி நாறுமாம். போகலாமாப்பா?"

அப்பாவின் கண்ணில் ஏதோ ஒரு நொடி மின்னியது. பிறகு அணைந்துபோனது.

"அடுத்த தடவை பூக்கும்போது பார்க்கலாம்மா. அப்போ நான் ரிட்டயர் ஆகியிருப்பேன்."

"அடுத்த தடவை எப்போன்னு யாருக்குமே தெரியாதாம்ப்பா."

அப்பா காலணியைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு உள்ளே போனார்.

மறுநாள் வகுப்பில், பக்கத்தில் உட்காரும் தோழியிடம் கடுகு இதைச் சொன்னாள். அந்தத் தோழியின் பட்டப்பெயர் ஓட்டைவாய். அவளிடம் சொன்ன எதுவும் மதிய மணி அடிப்பதற்குள் ஊருக்கே தெரிந்துவிடும்.

"ரொம்ப சுலபம்," என்றாள் ஓட்டைவாய். "பூ திறக்கிற அன்னிக்கு வயிறு வலிக்குதுன்னு அழு. அப்பா லீவு போடுவார். தோட்டத்துக்குப் பக்கத்துல போனதும் வலி சரியாப் போச்சுன்னு சொல்லிடு."

கடுகு யோசித்துப் பார்த்தாள். அப்பா பயந்துபோய் அவளைத் தூக்கிக்கொண்டு ஓடுவது மனதில் தெரிந்தது.

"வேண்டாம்டி. ஏற்கெனவே அவர் முகம் சரியில்லை," என்றாள்.

அன்று மாலை அம்மாவும் அவளும் போர்வை மடித்தார்கள். அம்மா மருத்துவமனையில் துணி வெளுக்கும் பிரிவில் வேலை செய்பவர். மடிப்பு ஒரு நூல் பிசகினாலும் பிரித்து மறுபடி மடிப்பார்.

"அப்பா ஏன்ம்மா இவ்வளவு கஞ்சம்?"

அம்மா போர்வையின் நுனியைப் பிடித்தபடி நின்றுவிட்டார்.

"அப்படிச் சொல்லாதே கடுகு. உன் தாத்தா கட்டட வேலை செஞ்சவர். கையில எதுவும் சேரல. அதனால வயசானப்புறமும் போய்க்கிட்டே இருந்தார். சாரத்துல ஏற முடியாம கீழ நின்னு செங்கல் எடுத்துக் கொடுத்தார். கை நடுங்கும். ஒருநாள் மேஸ்திரி, 'நாளைலேர்ந்து வராதீங்க பெரியவரே'ன்னுட்டார். வீட்டுக்கு வந்தவர் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துக்கிட்டார். உங்க அப்பா அப்போ பள்ளிக்கூடம் போயிட்டிருந்த பையன். அதைப் பார்த்துக்கிட்டு நின்னிருக்கார்."

கடுகுக்கு அப்பாவைக் கஞ்சம் என்று சொன்ன வாயைக் கழுவ வேண்டும் போல இருந்தது. அப்பா சேர்ப்பது தப்பில்லை. அப்பா லீவு எடுக்காமலே பூவைப் பார்க்க முடிந்தால்?

மறுநாள் பள்ளி விட்டதும் அவள் தோட்டத்துக்குப் போனாள். கண்ணாடி வீட்டுக்குள் வெந்நீர் வைத்த குளியலறை போலப் புழுங்கியது. நடுவில், பச்சைப் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு நிற்கும் ஆளைப் போல அந்த மொட்டு நின்றது. பக்கத்தில் ஒரு அம்மா அளவுகோலுடன் ஏணியில் நின்றுகொண்டிருந்தார். அவர்தான் அந்தச் செடியைப் பல வருடங்களாக வளர்ப்பவர்.

"காலையில சீக்கிரம் திறப்பீங்களா?" என்று கேட்டாள் கடுகு.

"ஒன்பது மணிக்குத்தான்மா. பூ திறந்துட்டா நான் ராத்திரி முழுக்க இங்கதான் இருப்பேன். ஆனா வாசலைத் திறக்கிறது என் கையில இல்லை. அதோ, கண்காணிப்பாளர் வரார். அவர்கிட்ட கேளு."

கண்காணிப்பாளர் உயரமாக இருந்தார். கடுகு அண்ணாந்து பார்த்தாள். அப்பாவின் முதல் பஸ்ஸைப் பற்றிச் சொல்லி, விடிவதற்கு முன்னால் திறக்க முடியுமா என்று கேட்டாள்.

"உங்க அப்பா ஒருத்தருக்காக எப்படிம்மா கதவைத் திறக்கிறது?" என்றார் அவர். குரலில் கோபம் இல்லை.

"ஒருத்தருக்கு இல்லை சார். நீங்க காலையில எழுந்திருக்கும்போது உங்க வீட்டுக்குப் பால் வந்திருக்குமா?"

"வந்திருக்கும்."

"பேப்பர்?"

"வந்திருக்கும்."

"தெருவைப் பெருக்கியிருப்பாங்களா?"

"பெருக்கியிருப்பாங்க."

"அவங்கெல்லாம் இந்தப் பூவை எப்போ சார் பார்ப்பாங்க?"

கண்காணிப்பாளர் அவளையே பார்த்தார். "பார்க்கலாம்," என்றார். பெரியவர்கள் 'பார்க்கலாம்' என்றால் என்ன அர்த்தம் என்று கடுகுக்குத் தெரியும். தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

ஆனால் அடுத்த நாள் பலகையில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. பூ திறந்ததற்கு மறுநாள் மட்டும், காலை நான்கரை மணிக்கே கண்ணாடி வீடு திறந்திருக்கும்.

கடுகு அதை ஓட்டைவாயிடம் சொன்னாள். வேண்டுமென்றேதான் சொன்னாள். அதன் பிறகு வேறு யாரிடமும் சொல்ல வேண்டிய அவசியமே வரவில்லை.

இரண்டு நாள் கழித்து, மாலையில் மொட்டின் ஓரம் மெல்ல விலகத் தொடங்கியது. அப்பா வேலையிலிருந்து வந்ததும் கடுகு அவர் முன்னால் போய் நின்றாள்.

"அப்பா, பூ திறந்தாச்சு. லீவு வேண்டாம். நாளைக்குக் கொஞ்சம் சீக்கிரம் எழுந்தா போதும். பஸ்ஸும் லேட் ஆகாது. வாசல்லேர்ந்து பஸ் நிறுத்தம் வரைக்கும் நானே நடந்து பார்த்தேன், ரொம்பப் பக்கம்தான்."

அப்பா நாற்காலியில் உட்கார்ந்தார்.

"அண்ணன் என்னைக் கூப்பிட்டுக்கிட்டே இருந்தார்மா," என்றார். "நான் போகல. இப்போ அவர் இல்லாம நான் மட்டும் எப்படி உள்ள போய் நிக்கறது?"

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். கடுகு இதை நினைக்கவே இல்லை. நேரம்தான் தடை என்று நினைத்திருந்தாள். அப்பாவின் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்போ அத்தையைக் கூட்டிட்டுப் போகலாமாப்பா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

அத்தை என்றால் கண்டக்டர் மாமாவின் மனைவி. இரண்டு தெரு தள்ளித் தனியாக இருந்தார். மாமா போனதிலிருந்து வெளியே அதிகம் வருவதில்லை. அப்பா நிமிர்ந்து பார்த்தார். பிறகு கழற்றிய காலணியை மறுபடி மாட்டிக்கொண்டார்.

மறுநாள் இருட்டு விலகாத நேரத்தில் நான்கு பேரும் தோட்டத்து வாசலுக்கு வந்தபோது, அங்கே நீண்ட வரிசை நின்றிருந்தது. தெரு பெருக்குபவர்கள் துடைப்பங்களைச் சுவரில் சாத்தியிருந்தார்கள். பேப்பர் கட்டுடன் சைக்கிள்கள், பால் கேன்கள், இரவு வேலை முடித்த இரண்டு நர்ஸ்கள், ஒரு காவலாளி. கண்காணிப்பாளர் கலைந்த தலையுடன் தானே கதவைத் திறந்து பிடித்துக்கொண்டிருந்தார்.

உள்ளே போனதும் நாற்றம் முகத்தில் அறைந்தது.

"அடக் கடவுளே!" என்று மூக்கைப் பொத்தினார் அம்மா. "எங்க ஆஸ்பத்திரி அழுக்கு மூட்டையே தேவலை!"

வரிசை முழுவதும் சிரிப்பு ஓடியது.

பூ விரிந்திருந்தது. வெளியே பச்சை, உள்ளே உறைந்த இரத்தம் போன்ற கருஞ்சிவப்பு. நடுவில் வெளிறிய மஞ்சளில் ஒரு பெரிய தண்டு, அப்பாவையும் தாண்டி உயர்ந்து நின்றது.

"இது ஏன் இப்படி நாறுது?" என்று கேட்டார் அப்பா.

கடுகு திரும்பிப் பார்த்தாள். அவர் கேள்வி கேட்டு எவ்வளவு நாளாகிவிட்டது!

"ஏதோ செத்துக் கிடக்குன்னு ஏமாந்து ஈயும் வண்டும் வரும். அதுங்கதான் மகரந்தத்தைக் கொண்டு போகணும்," என்றார் செடி வளர்க்கும் அம்மா. "ராத்திரி அந்தத் தண்டு காய்ச்சல்காரன் நெத்தி மாதிரி சுட்டுது. சூடானா நாத்தம் தூரமாப் போகும்."

"செடிக்குக் காய்ச்சலா!" அப்பா இன்னும் ஒரு அடி முன்னே போனார்.

அத்தை புடவைத் தலைப்பால் மூக்கை மூடவில்லை. பூவையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இந்தக் கண்ணாடி வீட்டைப் பத்திக் கேட்டுக் கேட்டு என் காதே புளிச்சுப் போச்சு டிரைவர் தம்பி," என்றார். "அவர் சேர்த்து வச்சதாலதான் நான் இன்னிக்கு யார் கையையும் எதிர்பார்க்காம இருக்கேன். தினமும் அதை நினைச்சுக்கிறேன். இதைப் பார்க்காமப் போயிட்டாரேன்னு தினமும் அவரைத் திட்டவும் செய்றேன்."

"என்னையும் சேர்த்துத் திட்டுங்க அண்ணி," என்றார் அப்பா. அவர் குரல் உடைந்தது.

"திட்டியாச்சு, திட்டியாச்சு," என்று அத்தை அவர் தோளைத் தட்டினார். "அவர் இங்க இருந்திருந்தா என்ன சொல்லியிருப்பார்?"

அப்பா கண்ணைத் துடைத்தார். "'டிரைவரே, உங்க சாக்ஸைக் கழட்டிட்டீங்களா'ன்னு கேட்டிருப்பார்."

அத்தை சிரித்தார். சிரித்துக்கொண்டே அழுதார். கடுகு ஒரு கையால் அத்தையையும் மறு கையால் அப்பாவையும் பிடித்துக்கொண்டாள். பின்னால் நின்ற பேப்பர் போடுபவர் நேரமாகிறது என்று சொல்லவில்லை. தன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

முதல் பஸ் சரியான நேரத்துக்குப் புறப்பட்டது.

அன்று இரவு அப்பா சாப்பிட உட்கார்ந்து, தட்டைத் தொடாமல் பேசிக்கொண்டே இருந்தார்.

"அந்தப் பூ வாடினதும் அடியில இருக்கிற கிழங்கைத் தோண்டி எடுப்பாங்களாம். நிறுத்துப் பார்த்துட்டு மறுபடி நடுவாங்களாம். ஒரு மனுஷனை விடக் கனமாகூட இருக்குமாம்! அடுத்த செவ்வாய்க்கிழமை, பதினோரு மணிக்கு."

"பதினோரு மணிக்கா? நீங்க பஸ்ஸுல இருப்பீங்களேப்பா," என்றாள் கடுகு.

அப்பா தொண்டையைச் செருமினார். "லீவு எழுதிக் கொடுத்துட்டேன்."

அம்மா கரண்டியைக் கீழே வைத்தார். "கிழங்கை நிறுக்கிறதைப் பார்க்க லீவா?"

"ஒரு நாள்தான். மத்ததெல்லாம் பத்திரமா இருக்கு. அது குறைஞ்சாத் தாங்கும், கணக்குப் போட்டுட்டேன். அண்ணிகிட்டயும் சொல்லிட்டேன், அவங்களும் வராங்க."

அம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தார். "அப்போ நானும் வரேன். உங்களை விட அந்தக் கிழங்குதான் கனம்னு நான் பந்தயம் கட்டறேன்."

அந்தச் செவ்வாய்க்கிழமை முதல் பஸ்ஸை வேறொரு டிரைவர் ஓட்டினார். அது ஒரு நிமிடம்கூடத் தாமதமாகவில்லை.