மஞ்சள் கொழுப்பு

தள்ளுவண்டியில் கறி வறுவல் விற்கும் தாயம்மாக்கா கறித்துண்டைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். பார்த்த கையோடு திருப்பி வைத்துவிட்டார்.

“இன்னா பாய், கொழுப்பு மஞ்சளா கீது? நேத்து கறியா?”

ஜவஹர் கத்தியைக் கீழே வைத்தார். தேனாம்பேட்டைச் சந்தில் பன்னிரண்டு வருடமாக மாட்டுக்கறிக் கடை வைத்திருக்கிறார். மிஞ்சியதை மறுநாள் விற்றதே கிடையாது.

“காலையில வந்ததுக்கா,” என்றார். அதற்குமேல் அவருக்குப் பேச வராது.

“என் வண்டியில சாப்புட்டு யாருக்காச்சும் வயித்து வலி வந்தா என்னத்தான் கேப்பாங்க. இன்னிக்கு வேணாம் பாய்.”

பின்னால் நின்ற இரண்டு பேரும் மெல்ல நழுவினார்கள்.

கடை ஓரத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த அவர் மகள் உம்மே ஹானிக்கு அழுகையே வந்துவிட்டது. ஐந்தாம் வகுப்பு படிக்கிறாள். அத்தா பொய் சொல்லமாட்டார் என்று அவளுக்குத் தெரியும். அதை மற்றவர்களுக்கு எப்படிக் காட்டுவது?

போன ஞாயிறு அத்தாவுடன் திருப்போரூர்ப் பக்கம் நந்தகுமார் மாமாவின் பண்ணைக்குப் போயிருந்தாள். இன்றைய கறி அங்கே வளர்ந்த மாட்டினுடையதுதான். பச்சை மக்காச்சோளத் தட்டையையும் புல்லையும் நறுக்கி, குழியில் போட்டு மிதித்து, காற்றுப் புகாமல் மூடியிருந்தார்கள். திறந்தால் புளிப்பு வாசனை.

“ஊறுகாய்ப் புல்,” என்றார் மாமா.

“அப்போ மாட்டுக்குத் தயிர்சாதம் யார் போடுவாங்க?” என்று ஹானி கேட்க, அவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

முன்பெல்லாம் கோடையில் வெறும் வைக்கோலைத் தின்று மாடுகள் எலும்பும் தோலுமாகிவிடுமாம். இப்போது கோடையிலும் உடம்பு தேறுகிறதாம். கறியும் மெத்தென்று இருக்குமாம். “உள்ளே போறது பச்சைத் தீவனம். அதனால கொழுப்பு கொஞ்சம் மஞ்சள் தட்டும்,” என்றும் சொன்னார்.

இதைச் சொன்னால் தாயம்மாக்கா நம்புவாரா? ஹானி பென்சிலைக் கடித்தாள். அவர் கூடையில் முட்டைகள் தெரிந்தன.

“அக்கா, அது நாட்டுக்கோழி முட்டையா?”

“பின்ன? கரு எப்டி இருக்கும் தெரியுமா? நல்லா மஞ்சளா இருக்கும்.”

“மஞ்சளா இருந்தா பழசு இல்லையா?”

“யாருடி சொன்னா? வெளியில மேஞ்சு பச்சையா தின்ற கோழிக்குத்தான் அந்தக் கலரே வரும்.”

சொல்லிவிட்டுத் தாயம்மாக்கா நிறுத்தினார். முட்டையைப் பார்த்தார். கறியைப் பார்த்தார்.

“இந்த மாடும் பச்சைதான் தின்னுச்சா?”

“ஊறவெச்ச பச்சை. நானே பாத்தேன்கா. ஒரு துண்டு வறுத்துப் பாருங்களேன். பழசுன்னா மோந்தாலே தெரிஞ்சிடும்ல?”

தாயம்மாக்கா துண்டை முகர்ந்தார். விரலால் அழுத்தினார். “கால் கிலோ மட்டும் போடு பாய்,” என்றார் அரை மனதாக.

முக்கால் மணி நேரத்தில் திரும்பி வந்தார். கடையில் அப்போது நாலைந்து பேர் நின்றார்கள். எல்லோருக்கும் கேட்கும்படி, “பாய், கறி பழசுன்னு நான் சொன்னது தப்பு. கறி பஞ்சாட்டம் வெந்துச்சு. எனக்கு நாலு கிலோ குடு,” என்றார்.

அத்தா தலையாட்டினார். எடை போடும்போது அவர் கண் கலங்கியதை ஹானி மட்டும் பார்த்தாள்.

சாயங்காலம் இருவரும் வீடு திரும்பும் வழியில் தாயம்மாக்காவின் வண்டி முன்னால் ஒருவர் தட்டோடு நின்றிருந்தார்.

“இன்னாக்கா, கொழுப்பு மஞ்சளா கீது?”

தாயம்மாக்கா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, கூடையிலிருந்து ஒரு முட்டையை எடுத்தார்.