எனக்கு வரட்டும்

கறுப்பி வறட்டுத் தீனியைக் கடித்துத் தின்றுகொண்டிருந்தது. மழைக்கு இருட்டிக்கிடந்த அந்த மாலையில் அடுப்படியிலிருந்து நறநறவென்று சத்தம் கேட்டதும் அம்மாவுக்கு முதலில் சந்தோஷம்தான் வந்தது. பிறகு, இது எப்படி என்று எழுந்து போனாள். பல மாதமாக ஈறெல்லாம் வெந்து சிவந்து, பசியோடு தட்டுவரை ஓடிவந்து, ஒரு வாய் வைத்ததுமே அலறிப் பின்வாங்கும் பூனை அது. தாடையெல்லாம் எச்சில் ஒழுகும். வாயைத் திறந்தால் அழுகல் நாற்றம் திரைச்சீலை வரைக்கும் ஏறி நிற்கும்.

“மருந்துக்கு அடங்கலை. பல்லை எல்லாம் எடுத்துடலாம்மா. பல்லுல படியிற அழுக்குக்கே அது உடம்பு எகிறுது, அதான் ஈறு இப்படிப் புண்ணாகுது” என்று பூனை டாக்டர் சொல்லியிருந்தார். நாளைக்கு அறுவை சிகிச்சை.

கறுப்பியைத் தூக்கி உதட்டை விலக்கிப் பார்த்தாள். குட்டிப் பூனையின் ஈறுபோல வெளிர் சிவப்பு. மோந்து பார்த்தாள். ஒன்றுமில்லை.

ஆனால் வீட்டில் நாற்றம் இருந்தது.

அது படுக்கையறையிலிருந்து வந்தது. மகள் கட்டிலில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நேற்றிலிருந்து அவள் சரியாகச் சாப்பிடவில்லை. பூனைக்குப் பல் பிடுங்கப்போகும் கோபம் என்று அம்மா நினைத்திருந்தாள். பக்கத்தில் பால் ஆடை கட்டிக் கிடந்தது.

“பசிக்குதும்மா.”

“அப்புறம் குடிக்கிறதுக்கென்ன? எங்க, ஆ காட்டு கண்ணு.”

ஈறு தொண்டை வரைக்கும் பச்சை இறைச்சிபோலச் சிவந்து கிடந்தது. பல்லைச் சுற்றி ரத்தம் கோடு கட்டியிருந்தது.

“கறுப்பிய என்னடி பண்ணே?”

“ஒண்ணும் பண்ணலை. கட்டிப்பிடிச்சுச் சொன்னேன். எனக்கு நீ சொல்லுவியே, அதேதான். உன் வலியெல்லாம் எனக்கு வரட்டும்னு.”

காய்ச்சலுக்கும் சிராய்ப்புக்கும் அம்மா சொல்லிச் சொல்லித் தேய்ந்த வார்த்தை. சொல்வதற்குக் காசா பணமா?

“இப்பவும் சொல்லும்மா.”

அம்மா வாயைத் திறந்தாள். அவள் நாக்கு தன்னாலே போய்ப் பற்களைத் தடவியது. மேல் வரிசை. கீழ் வரிசை. எல்லாவற்றையும். டாக்டர் எல்லாவற்றையும் என்றுதான் சொன்னார்.

ஒரே ஒரு வரி. பெற்ற பிள்ளை.

பயமாக இருந்தது. வெட்கமாகவும் இருந்தது. வார்த்தை வரவில்லை.

“காலையில... டாக்டர்கிட்ட போலாம்டா.”

மகள் அவளையே பார்த்தாள். அழவில்லை. கட்டிலிலிருந்து வழுக்கி இறங்கி, நாலு காலில் ஊர்ந்து, கட்டிலுக்கு அடியில் சுவரோரத்து இருட்டுக்குள் போய்ச் சுருண்டுகொண்டாள்.

“கண்ணு, வெளிய வாடா.”

அம்மா தரையில் படுத்துக் கையை நீட்டினாள். விரலில் வெதுவெதுப்பாக எச்சில் சொட்டியது.

கறுப்பி அவள் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து, சாவகாசமாகத் தன் காலை நக்கிச் சுத்தம் செய்துகொண்டிருந்தது. சீறல் கட்டிலுக்கு அடியிலிருந்து வந்தது.