தூங்குகிறவளிடம் எப்படிக் கேட்பது?

காலை 8.10.

கண்காட்சிக் கூடத்தைப் பெருக்க வந்த அம்மாள் விளக்கைப் போட்டதும் முதலில் பார்த்தது கவிழ்ந்து கிடந்த ஏணியை. அப்புறம்தான் அதன் பக்கத்தில் கிடந்த போட்டோக்காரரை. பின்மண்டை உடைந்து, ரத்தம் காய்ந்து கறுத்திருந்தது. சுவரில் நாற்பது படங்கள். அவருக்கு நேர் மேலே இருந்த சட்டம் மட்டும் வெறும் சட்டமாகத் தொங்கியது.

8.40க்கு இன்ஸ்பெக்டர் வந்தார். வயது நாற்பத்தைந்து. சிரித்துப் பார்த்தவர்கள் குறைவு. வாசலில் இரண்டு பேரைக் காவலுக்கு நிறுத்தி, தன்னைக் கேட்காமல் ஒரு ஈ காக்கை உள்ளே வரக்கூடாது என்றார்.

படங்கள் எல்லாமே தெருவில் போகிற வருகிறவர்கள். குடை பிடித்தவர், மூட்டை சுமந்தவர், கடை வாசலில் கொட்டாவி விடுகிறவர். ஒவ்வொன்றின் கீழும் போட்டோக்காரரே கைப்பட இடமும் தேதியும் எழுதியிருந்தார். வெறும் சட்டத்தின் கீழே ‘பஸ் நிலையம், விடியற்காலை’ என்று இருந்தது. தேதி பதினோரு மாதத்துக்கு முந்தையது.

“நேத்து சாயந்தரம் ஆறு மணிக்கு ஒரு பொண்ணு வந்துச்சுங்க,” என்றார் பெருக்குகிற அம்மாள். “இது நான்தான், யாரைக் கேட்டு என் மூஞ்சியை இங்க மாட்டினீங்கன்னு ஒரே கத்தல். அந்த நோட்டுல என்னமோ எழுதிச்சு. ஆறரைக்கு நான் கிளம்புறப்ப இவரும் அதுவும் மட்டும்தான் இருந்தாங்க.”

“கூடத்துக்காரர்?”

“அவரு அஞ்சு மணிக்கே போயிட்டாரே.”

நோட்டு என்பது பார்வையாளர் கருத்து எழுதும் புத்தகம். மேஜைமேல் இருந்தது. கடைசிப் பக்கத்தில் அந்தப் பெண் எழுதியிருந்தாள்: ‘இந்தப் படத்தை எடுத்துவிடுங்கள். கும்பிட்டுக் கேட்கிறேன்.’ கீழே முழுப்பெயர், கையெழுத்து, வேலை செய்யும் தையல் ஃபேக்டரியின் பெயர். கோபத்திலும் ஒழுங்காக விவரம் எழுதுகிற அப்பாவி. இன்ஸ்பெக்டர் புத்தகத்தை உறையில் போட்டு முத்திரை வைத்தார்.

9.30. கூடத்தின் உரிமையாளர் காரில் வந்து இறங்கினார். அவரையும் வாசலிலேயே நிறுத்தித்தான் விசாரணை.

“நேத்து எத்தனை மணிக்குப் போனீங்க?”

“அஞ்சு மணிக்கு மேடம்.”

“திரும்ப வந்தீங்களா?”

“இல்லவே இல்ல. வீட்லதான் இருந்தேன். தனியா.”

“அந்தப் படத்துக்கு அந்தப் பொண்ணோட சம்மதம் இருந்துச்சா?”

“பொது இடத்துல எடுத்த படம், சம்மதம் எதுக்கு மேடம்? ஆனா நாங்க அதையும் வாங்கி வெச்சிருக்கோம். ஒரு இன்சூரன்ஸ் கம்பெனி விளம்பரத்துக்கு அந்தப் படத்தைக் கேட்டிருக்கு. விளம்பரம்னா சட்டப்படி சம்மதம் வேணுமே.” காரிலிருந்த பையைத் திறந்து ஒரு தாளை எடுத்தார். “இதோ. படம் எடுத்த அன்னைக்கே, அந்த இடத்துலயே கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கா. இப்ப வந்து கலாட்டா பண்றா.”

கேட்டது ஒன்று, சொன்னது ஒன்பது. நுணலும் தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்! ஆனால் அந்த நேரத்தில் அது இன்ஸ்பெக்டருக்கே தெரியவில்லை. தாளை வாங்கிப் பத்திரப்படுத்தினார், அவ்வளவுதான்.

11.15. ஃபேக்டரியின் இஸ்திரிப் பகுதியிலிருந்து அந்தப் பெண்ணைக் காவல் நிலையத்துக்கு அழைத்து வந்தார்கள். கைப்பையில் ஒரு சிறிய காகித உறை. உள்ளே அந்தப் படத்தின் நெகட்டிவ். டாக்டர் சொன்ன சாவு நேரம் மாலை ஏழிலிருந்து எட்டுக்குள். அவள் வீடு திரும்பியது ஏழரை இருக்கும் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள்.

“பொருள் கையில, ஆளு அறையில. முடிஞ்சுது மேடம்,” என்றார் ஏட்டு. “மத்தியானச் சாப்பாடு இன்னைக்காவது மத்தியானமே கிடைக்கும்.”

இன்ஸ்பெக்டர் அந்தப் பெண்ணின் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“நெகட்டிவ் எப்படி வந்துச்சு?”

“அவரே குடுத்தாரு மேடம்.”

“கத்தினவளுக்கா?”

“முதல்லதான் கத்தினேன். அவரு உக்கார வெச்சு தண்ணி குடுத்தாரு. எப்பவும் கேமராவைத் தூக்கிக் காட்டுவாராம். தலையாட்டினா எடுப்பாராம், வேண்டாம்னா இறக்கிடுவாராம். ‘நீ தூங்கிட்டிருந்தே, தூங்குறவங்ககிட்ட எப்படிம்மா கேக்கிறது? எழுந்தப்புறம் கேட்டிருக்கணும், தப்பு என்னுதுதான்’னாரு. பெட்டியில தேடி இதை எடுத்துக் குடுத்தாரு. காலையில படம் இங்க இருக்காதுன்னாரு. ஆறே முக்காலுக்குக் கிளம்பி நடந்தே வீட்டுக்குப் போனேன்.”

“ஒரு படத்துக்கு ஏன் இவ்வளவு பதட்டம்?”

அவள் ரவிக்கையின் நீளக் கையை முழங்கை வரை ஏற்றிக் காட்டினாள். பழைய தீக்காயம்.

“அன்னைக்கு விடியறதுக்குள்ள புருஷனை விட்டுட்டுப் பிள்ளையோட கிளம்பிட்டேன். பஸ்ஸுக்குக் காத்திருந்தப்ப அசந்துட்டேன். அந்தப் படத்துல எனக்குப் பின்னால பஸ் நிக்குது மேடம். அதோட போர்டுல இந்த ஊர் பேரு. அவரு பார்த்தா போதும், நான் எங்க இருக்கேன்னு தெரிஞ்சுடும். பேரைக்கூட மாத்திக்கிட்டேன். இங்க வந்து மூணாவது வாரம், ஃபேக்டரியில சேர்றப்ப.”

“அன்னைக்குப் பஸ் நிலையத்துல ஏதாவது தாள்ல கையெழுத்துப் போட்டியா?”

“யாரும் என்னை எழுப்பவே இல்லையே.”

இன்ஸ்பெக்டர் எழுந்து ஜன்னலருகே போனார். கேட்டுக்கு வெளியே ஆறேழு பத்திரிகைக் கேமராக்காரர்கள். கைது என்று ஒரு வார்த்தை வந்தால், நாளைக் காலை இவள் முகம் வீட்டுக்கு வீடு போய்ச் சேரும். கொலைப்பழி பிற்பாடு விலகலாம். முகம் விலகாது.

அவர் மேஜைக்குத் திரும்பி, சம்மதத் தாளையும் உறைக்குள் இருந்த புத்தகத்தையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

மதியம் 3.20. உரிமையாளரை வரவழைத்தார்கள். கேஸ் முடிந்தது என்று சொல்லத்தான் கூப்பிட்டார்கள் என்ற நினைப்பில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தார்.

“இந்தத் தாள்ல இருக்கிறது அவ கையெழுத்துதானே?”

“சந்தேகமென்ன மேடம்.”

“தேதி பதினோரு மாசத்துக்கு முந்தி. படம் எடுத்த அன்னைக்கு.”

“ஆமா.”

“அன்னைக்கு அவளுக்கு இந்தப் பேரே கிடையாது.”

உரிமையாளரின் கால் மெதுவாகக் கீழே இறங்கியது.

“மூணு வாரம் கழிச்சுத்தான் இந்தப் பேரை வெச்சுக்கிட்டா. இன்னும் பிறக்காத பேருல எப்படிக் கையெழுத்துப் போட்டா?”

“அது... போட்டோக்காரரு அப்புறமா வாங்கியிருப்பாரு. தேதியை மாத்திப் போட்டிருப்பாரு.”

“எழுப்பிக் கேக்காம விட்டதுக்கே வருத்தப்பட்ட மனுஷன், பொய்த் தேதி போடுவாரா? நேத்து ஆறு மணி வரைக்கும் அவ யாருன்னே அவருக்குத் தெரியாது. இந்தக் கட்டடத்துலயே அவ பேரு ஒரே ஒரு இடத்துலதான் இருந்துச்சு. இந்தப் புத்தகத்துல. நேத்து சாயந்தரம் எழுதினது. காலையில எட்டே முக்கால்லேருந்து இது என் கையில. நீங்க அஞ்சு மணிக்குப் போனவரு, திரும்ப வரவே இல்லேன்னீங்க. உங்களை உள்ளே விடவும் இல்ல. அப்ப இந்தக் கையெழுத்தை எதைப் பார்த்துப் போட்டீங்க?”

“ஏழு மணிக்கு அவருதான் எனக்கு போன் பண்ணினாரு,” என்றார் உரிமையாளர், தரையைப் பார்த்துக்கொண்டு. “படத்தை இறக்கறேன், விளம்பரத்தையும் நிறுத்துங்கன்னாரு. ஓடி வந்தேன். ஏணிமேல நின்னுக்கிட்டே, அந்தப் பொண்ணு வேண்டாம்னா வேண்டாம்தான்னாரு. படத்தை அனுப்பி, சம்மதத் தாளைக் காலையில தர்றேன்னும் சொல்லியாச்சு, கம்பெனிக்கு என்ன பதில் சொல்றது? கோவத்துல ஏணியை உதைச்சேன்...”

“அப்புறம் செத்த மனுஷன் பக்கத்துல உக்காந்து கையெழுத்துப் பழகியிருக்கீங்க.”

காணாமல் போன படம் உரிமையாளரின் கார் மிதியடிக்குக் கீழே சுருட்டி வைக்கப்பட்டிருந்தது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்று அதுவரை இருந்த கணக்கு நேரானது. ஏட்டு அந்தப் பெண்ணுக்குத் தன் பங்குச் சாப்பாட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தார்.

ஆனால் இன்ஸ்பெக்டருக்கு இன்னொரு கேள்வி பாக்கி இருந்தது. இன்சூரன்ஸ் கம்பெனிக்கு போன் போட்டார். அந்த விளம்பரப் பலகை இன்று காலையே பன்னிரண்டு ஊர்களில் ஏறிவிட்டது. இறக்க நாளை மறுநாள் ஆகும் என்றார்கள். எவ்வளவு அதட்டியும் ஒரு நாள்தான் குறைந்தது.

அவர் ஊர்களின் பட்டியலைப் படித்தார். ஆறாவது ஊரின் பேரைக் கேட்டதும் அந்தப் பெண் கண்ணை மூடிக்கொண்டாள்.

“அது என் புருஷன் ஊரு. அவரு லாரி ஓட்டுறாரு மேடம். தினமும் நாலு ஊரு சுத்துவாரு. ஒரு நாளெல்லாம் வேண்டாம், ஒரு சிக்னல்ல நிக்கிற நேரம் போதும் அவருக்கு.”

“பாதுகாப்புக்கு ஆள் போடறேன்.”

“எத்தனை நாளைக்கு மேடம்?”

இன்ஸ்பெக்டர் ஊர்ப் பட்டியலை மடித்து மேஜை டிராயரில் வைத்தார்.

5.00. ஏட்டு சாட்சி வாக்குமூலத்தை எழுதி முடித்து, முகவரிக் கட்டத்தில் பேனாவை நிறுத்தினார். அவள் இன்ஸ்பெக்டரைப் பார்த்தாள். இன்ஸ்பெக்டர் பேனாவை வாங்கி, காவல் நிலையத்தின் முகவரியை எழுதினார்.

“வாசல்ல கேமராக்காரங்க நிக்கிறாங்க,” என்றார் அவளிடம். “ரோடு பொது இடம். எடுக்காதேன்னு சொல்ல எனக்கு அதிகாரம் இல்ல. நான் முன்பக்கமா போய் அவங்ககிட்ட கைதைப் பத்திப் பேசிட்டிருக்கேன். நீ பின்பக்கமா போ. எங்க போறேன்னு என்கிட்டயும் சொல்லாதே.”

அவள் தலையாட்டினாள். கதவு வரை போனவள் நின்றாள்.

“மறுபடியும் பேரை மாத்தணும், இல்ல மேடம்? பிள்ளைக்கு ஆறு வயசு. அவ புதுப் பேரைச் சொல்லி யாராவது கூப்பிட்டா, போன வாரத்துலேருந்துதான் திரும்பிப் பார்க்க ஆரம்பிச்சிருந்தா.”

இன்ஸ்பெக்டர் தொப்பியைப் போட்டுக்கொண்டு வாசலுக்குப் போனார். எல்லாக் கேமராக்களும் ஒன்றாக உயர்ந்தன. எடுக்கலாமா என்று ஒருவரும் அவரைக் கேட்கவில்லை.