ஐந்தாம் தூணில் எறும்பு

விலைமதிப்பே இல்லாதது என்று பண்ணையார் பொன்னுரங்கம் ஊரெல்லாம் சொல்லிவந்த பச்சைக்கல் அட்டிகைக்குத் திருக்கோவிலூர் அடகுக்காரர் போட்ட விலை நாலாயிரத்து இருநூறு. 1956 தை மாதம் ஒரு காலை, அது பெட்டியில் இல்லை.

9.10. சப்-இன்ஸ்பெக்டர் கந்தசாமி வந்து இறங்கினார். கல்வராயன் மலையடிவாரத்தில், சோளக்காட்டுக்கு நடுவே, வெள்ளைக்காரன் கோர்ட்டு மாதிரி நின்றது பங்களா. முக்கோண முகப்பு, அதைத் தாங்க ஆறு உருண்டைத் தூண்கள். உள்ளே வெறும் செங்கல், மேலே சலவைக்கல்லாய் மின்னும் சுண்ணாம்புப் பூச்சு. கடுக்காய், வெல்லம், முட்டை வெள்ளைக்கரு என்று தாத்தாவின் பக்குவத்தைப் பொன்னுரங்கம் ஒப்பித்தார். வருகிற விருந்தாளிகளுக்கெல்லாம் ஒப்பிப்பதுதான். வலக்கை துண்டுக்குள் இருந்தது, காபி கொட்டிவிட்டதாம்.

ஐந்தாம் தூணின் அடியில் ஈரம் காயாத ஒட்டு. மேலே எறும்புச் சாரை. பெயர்த்தால், உள்ளே அட்டிகை.

"இங்க வேற எவனுக்குப் பூசத் தெரியும்?"

பொன்னுரங்கம் காட்டியது, மாடி ஒழுக்கு அடைக்க வந்திருந்த கொத்தனார் இருசப்பனை. வாசல் கேட்டில் தினமும் கூலியாட்களைச் சோதிப்பதால் இங்கேயே புதைத்துவிட்டான் என்றார். போலீஸ் வருமுன்பே அவன் கன்னத்தில் நாலு அறையும் விட்டிருந்தார். குத்தகை வழக்கில் இருசப்பன் கூண்டேறிச் சாட்சி சொன்னதில்தான் பொன்னுரங்கத்துக்கு எட்டு ஏக்கர் போனது. அடுத்த வாரம் அப்பீல். இருசப்பன் உள்ளே போனால் அது திருடன் சொன்ன சாட்சி.

9.40. கந்தசாமி வெல்ல மண்டியில் வளர்ந்தவர். கொல்லையில் கொத்தனாரின் கலவைத் தொட்டியை முகர்ந்தார். புளித்த நெடி. ஓர் எறும்பு இல்லை.

"எத்தினி நாளா ஊறுது?"

"பதினஞ்சு நாளுங்க. வெல்லம் புளிச்சு அடங்கணும். பச்சையா போட்டா எறும்பு வூட்டையே தூக்கிக்கினு பூடும்."

10.05. "துண்டை அவுருங்க," என்றார் கந்தசாமி.

பொன்னுரங்கத்தின் விரல் நுனிகள் வெந்து வெளுத்திருந்தன.

"காபி நகக்கண்ணுல பூந்து சுடாதுங்க. சுண்ணாம்பு சுடும். இன்னா போடணும்னு உங்க தாத்தா சொல்லிக் குடுத்தாரு. எத்தினி நாள் ஊறணும்னு சொல்லலை. ராத்திரியே கரைச்சு ராத்திரியே பூசிட்டீங்க."

பொன்னுரங்கம் பேசி முடித்துக்கொள்ளலாம் என்றார். கந்தசாமி விலங்கை எடுத்து அவர் முன்னால் வைத்துவிட்டு, முக்கோண முகப்பை ஆற அமர அண்ணாந்து பார்த்தார். பின்னால் 'பளார்' என்று ஒரு சத்தம். அவர் திரும்பவில்லை.

"நாலு வாங்கனேன்," என்றார் இருசப்பன். "ஒண்ணு குடுத்தாச்சு. மூணு பாக்கிங்க."