தொங்குகிறவனை நிமிர்த்தக் கூடாது

தாராபுரம் சாலையில் அவிநாசிபாளையம் தாண்டி பஸ் என்னை இறக்கிவிட்டபோது காலை நேரம்தான். ஐப்பசி மழை மேகத்தில் வானம் மட்டும் பொழுது சாய்ந்ததுபோல இருண்டு கிடந்தது. ரோட்டோரம் ஒரு பழைய பஞ்சு குடோன். 2006-ல் அதற்குள் பனியன் துணிக்குப் படம் அடிக்கும் பிரிண்டிங் பட்டறை ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. திருப்பூரில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் நான் செக்கிங் பார்க்கிறவள். எங்கள் பீஸ்கள் அங்கே அச்சாகிக்கொண்டிருந்தன. சரிபார்க்க என்னை அனுப்பினார்கள். உண்மையில் அவர்களாக அனுப்பவில்லை, நான்தான் கெஞ்சி வாங்கிக்கொண்டு போனேன்.

காரணம் என் அக்கா அனுசுயா. அவள் அந்தப் பட்டறையில்தான் வேலை பார்த்தாள். முந்தின வருஷம் சங்கரன்கோவிலில் எங்கள் பக்கத்து வீட்டுக்கு போன் போட்டு என்னிடம் பேசினாள். "எடது கையில சுட்டுருச்சு, வேலு. கட்டுப் போட்டுருக்கேன். அம்மாட்ட சொல்லிராத" என்றாள். அதுதான் கடைசிப் பேச்சு. அப்பா தேடிக்கொண்டு வந்தபோது பட்டறை முதலாளி ராசப்பன் ரொம்ப வருத்தப்பட்டு, "உங்க பொண்ணு ஒரு லாரி டிரைவரோட போயிருச்சுங்க" என்று சொல்லி, டீயும் வாங்கிக் கொடுத்து அனுப்பினாராம். அதோடு எங்கள் வீட்டில் அவள் பேர் போயிற்று. அம்மா அவள் போட்டோவைக் கழற்றி அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்தாள்.

நான் நம்பவில்லை. பஸ்ஸில் பக்கத்து சீட்டு ஆண்பிள்ளை என்றால் நின்றுகொண்டே வருகிறவள் என் அக்கா. அவள் எங்கே என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும். திருப்பூருக்கு நான் வேலைக்கு வந்ததே அதற்காகத்தான்.

"வாங்க கண்ணு. மழையில நனஞ்சுட்டீங்களாட்ட இருக்குது. டீ சொல்லட்டுங்களா?" என்றார் ராசப்பன். வெள்ளை வேட்டி, நெற்றி நிறைய விபூதி, வாய் நிறைய மரியாதை. அந்த மரியாதையைக் கேட்க எனக்கு வயிறு எரிந்தது. நான் யாரென்று அவருக்குத் தெரியாது.

உள்ளே நீளநீளமான மேஜைகள். பனியனின் முன்பக்கத் துண்டுகளை அவற்றின்மேல் பசையால் ஒட்டி, படம் பதித்த வலைச் சட்டத்தை மேலே வைத்து மை இழுப்பார்கள். மை ஏறிய துண்டுகள் க்யூரிங் மெஷினுக்குள் போகும். ஒரு பக்கம் ஈரமாக உள்ளே போய், மறுபக்கம் சூடாக, மை இறுகி வெளியே வரும். அந்த வெளி வாயில்தான் என் இடம். அக்காவும் அங்கேதான் நின்றிருக்க வேண்டும். கை சுடுவதற்கு அங்கே அதைவிட்டால் வேறு இடமில்லை.

கடைசி மேஜைக்கும் சுவருக்கும் நடுவில் தரை மட்டும் புது சிமெண்டாக இருந்தது. முதலில் அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அந்த ஆர்டரே ஒரு விசித்திரம். டாரட் என்று வெள்ளைக்காரர்கள் பார்க்கும் ஜோசியச் சீட்டுகளின் படங்களை பனியனில் அடிக்க வேண்டும். கலர் ஒத்துப்பார்க்க நிஜச் சீட்டுக்கட்டு ஒன்றையே அனுப்பியிருந்தார்கள். நம் ஊர்க் கிளி எடுக்கும் சீட்டுபோலத்தான், சாமிக்குப் பதில் வேறு உருவங்கள். ஒவ்வொரு பனியனிலும் அந்தச் சீட்டின் பலன் அச்சடித்த அட்டை தொங்கும். அதைச் சரிபார்ப்பதும் என் வேலை என்பதால் ஆபீஸில் எனக்கு எல்லாப் பலனும் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். சீட்டு நேராக வந்தால் ஒரு பலன், தலைகீழாக வந்தால் வேறு பலன்.

பட்டறையில் எல்லோருக்கும் பயம் ஒரே ஒரு படத்தின் மேல்தான். குதிரைமேல் எலும்புக்கூடு வரும் மரணச் சீட்டு. ராசப்பன் அந்தச் சட்டத்துக்கு எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டிவைத்திருந்தார். பிரிண்டிங் மாஸ்டர் டேனியல் சீட்டுக்கட்டைக் கையாலேயே தொடவில்லை. "எங்க வேதத்துல இது ஆகாதுங்க" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. அந்தச் சீட்டுக்குப் பலன் சாவே கிடையாது. ஒன்று முடியும், இன்னொன்று தொடங்கும், அவ்வளவுதான். வெட்டியாக அதற்குப் பயந்துகொண்டு, பயப்பட வேண்டியதை விட்டுவிட்டார்கள்.

அடுத்து அடிக்க எடுத்த படம் அதுதான். தொங்குகிறவன். ஒரு மரச்சட்டத்தில் ஒற்றைக் காலைக் கட்டி ஒருவன் தலைகீழாகத் தொங்குவான். இன்னொரு கால் குறுக்கே மடங்கியிருக்கும், கைகள் முதுகுக்குப் பின்னால். முகத்தில் வலியே இருக்காது. படத்தில் எழுத்து ஒன்றும் இல்லாததால், எது மேல் எது கீழ் என்று சொல்வதற்கு அவன் தலை ஒன்றுதான் அடையாளம்.

முதல் துண்டைப் பார்த்ததும் ராசப்பன் கத்தினார். "ஏப்பா டேனியலு, கண்ணு அவிஞ்சு போச்சா? ஆளத் தலகீழா அடிச்சு வெச்சிருக்கறே!"

"படமே அப்பிடித்தானுங்க, மொதலாளி."

"அவரு சொல்றது சரிங்க சார்" என்றேன். "அவன் தலைகீழாத்தான் தொங்கணும். தானே மனசார ஒப்புக்கிட்டுத் தொங்குறவன். பொறுமைன்னு பலன்."

"மனசார எவன் கண்ணு தொங்குவான்? தலகீழாத் தொங்கறவனை எவன் காசு குடுத்துப் போட்டுக்குவான்? ஆளு நிக்கோணும். துண்டைத் திருப்பி ஒட்டுங்க. கம்பெனிக்கு நான் பேசிக்கறனுங்க." சீட்டுக்கட்டிலிருந்து தொங்குகிறவன் சீட்டை உருவித் திருப்பிப் பிடித்தார். "இப்பப் பாருங்க. எத்தன லச்சணமா நிக்கறான்!" சொல்லிவிட்டுச் சீட்டைச் சட்டைப் பைக்குள் அப்படியே நிறுத்தி வைத்தார்.

"அவனை நிமிர்த்தக் கூடாது சார். நிமிர்த்தினா பலன் மாறிரும்."

"என்னன்னு மாறும்?"

"வீணாக் குடுத்த பலி. ஒருத்தரைச் சாகக் கொடுத்தும் பிரயோசனம் இல்லைன்னு அர்த்தம்."

ராசப்பனின் சிரிப்பு அப்படியே நின்றது. டேனியல் தரையைப் பார்த்தார்.

டங்.

புது சிமெண்டுக்கு அடியிலிருந்து வந்தது அந்தச் சத்தம்.

டங். டங்.

இரும்பை உள்ளங்கையால் தட்டுகிற சத்தம். அவசரமில்லை. யாராவது திறப்பார்கள் என்று நம்பித் தட்டுகிறது போல இருந்தது.

"மெஷினை ஓட்டு" என்றார் ராசப்பன். குரல் உடைந்திருந்தது. "டேனியலு, மெஷினை ஓட்டு!"

டேனியல் சுவிட்சைப் போட்டார். க்யூரிங் மெஷின் இரைந்தது. தட்டுகிற சத்தம் அதில் அமுங்கிப் போயிற்று. நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே வேலையாட்கள் நிமிர்த்தி அடித்துவிட்ட முதல் துண்டு உள்ளே போனது. நான் மறுபக்கம் காத்திருந்தேன்.

வழக்கமாக அங்கே சூடான மை நாற்றம்தான் வரும். அன்று, பல நாள் மூடிக் கிடந்த தண்ணீர்த் தொட்டியைத் திறந்ததுபோலப் பாசி நாற்றமும் ஈரச் சிமெண்ட் நாற்றமும் வந்தன. அவற்றோடு தீக்காயத்துக்குப் போடும் மஞ்சள் மருந்தின் வாசனை.

துண்டு வெளியே வந்தது.

நின்றுகொண்டு உள்ளே போனவன் வெளியே வரும்போது தலைகீழாகத் தொங்கினான்.

அவன் இல்லை.

அவள்.

தலைமுடி அவிழ்ந்து கீழே தொங்கியது. சுடிதார். கைகள் முதுகுக்குப் பின்னால் இல்லை, தலைக்குக் கீழே நீட்டியிருந்தன. இடது கையில் வெள்ளைத் துணிக் கட்டு.

"அக்கா" என்றேன். எவ்வளவு மெதுவாகச் சொன்னேனோ தெரியாது. ராசப்பனுக்குக் கேட்டுவிட்டது.

"யாரு அக்கா?" என்றார். என் முகத்தை அப்போதுதான் ஒழுங்காகப் பார்த்தார். பார்க்கப் பார்க்க அவர் முகம் வெளுத்தது.

அந்த நேரம் கரண்ட் போயிற்று. மெஷின் நின்றது. ஆஸ்பெஸ்டாஸ் கூரையில் மழை. வேலையாட்கள் எல்லோரும் எப்போதோ வெளியே ஓடிவிட்டிருந்தார்கள். உள்ளே நாங்கள் மூன்று பேர்.

டங்.

மூன்று பேர் மட்டும் இல்லை.

"மொதலாளி, தொறந்துருங்க" என்று டேனியல் அழுதார். "இனி என்னால ஆவாதுங்க." பிறகு என் பக்கம் திரும்பினார். "அன்னிக்கு துணி வாங்கற வெளிநாட்டு பையர்கிட்ட இருந்து, வேலையாளுங்களுக்குப் பாதுகாப்பு இருக்குதான்னு பாக்க ஆடிட் வந்தாங்கம்மா. கைல கட்டோட உங்கக்கா நின்னுச்சு. பாத்தா ஆர்டர் போயிருமுன்னு, காலியாக் கெடந்த தண்ணித் தொட்டிக்குள்ள எறங்கச் சொன்னாரு. அரை மணி நேரம்தான்னு சொல்லித்தான் எறக்குனாரு. வந்தவங்க போகவே இல்லீங்க. உள்ளயிருந்து தட்டுச்சு. அது கேக்கக் கூடாதுன்னு மெஷினை ஓட்டச் சொன்னாரு. பொழுதோட மூடியத் தொறந்தா, ஏணிக் கம்பில ஒரு காலு மாட்டி, தலகீழா..."

நான் அழவில்லை. லாரி டிரைவர் என்ற வார்த்தைதான் என் காதில் திரும்பத் திரும்பக் கேட்டது. ஒரு பெண்ணை மூச்சுமுட்டக் கொன்றதும் போதாமல், அவளுக்குக் கெட்ட பேரும் வாங்கிக் கொடுத்து, எங்கள் அப்பாவைத் தலைகுனிய வைத்து அனுப்பியிருக்கிறான். இவன் நாசமாய்ப் போகவேண்டும் என்று வாய்விட்டே சொன்னேன்.

டங். டங். டங். டங்.

"செத்தவ எப்பிடிடா தட்டுவா?" ராசப்பன் கடப்பாரையை எடுத்தார். "ஒண்ணுமில்ல. உள்ள ஒண்ணுமில்ல. பாத்துப்போடறேன்." மேற்பூச்சு பெயர்ந்தது. துருப்பிடித்த இரும்பு மூடி தெரிந்தது. இரண்டு கையாலும் தூக்கினார்.

சத்தம் நின்றுவிட்டது.

அவர் குனிந்து பார்த்தார். சட்டைப் பைக்குள்ளிருந்து சீட்டு நழுவி இருட்டுக்குள் விழுந்தது. விழுந்த சத்தம் கேட்கவில்லை. யாரோ கையில் வாங்கிக்கொண்டது போல இருந்தது.

பிறகு ஒரு கட்டுப் போட்ட கை வந்து அவர் கழுத்தைச் சுற்றியது.

அவசரமே இல்லாமல், பிள்ளையை அணைக்கிறதுபோலச் சுற்றியது. ராசப்பன் தலைகுப்புற உள்ளே போனார். மூடி தானாக விழுந்து சாத்திக்கொண்டது. டேனியல் பாய்ந்து போய் அதை இழுத்தார். அசையவில்லை. உள்ளேயிருந்து தட்டுகிற சத்தம் கேட்டது. இந்தத் தடவை ஆம்பிளைக் கை, அவசரமான கை.

"ஐயோ, கேக்குதுங்களே!" என்றார் டேனியல்.

அப்போது க்யூரிங் மெஷின் ஓடத் தொடங்கியது. கரண்ட் இல்லை. சுவிட்ச் பக்கம் யாருமில்லை. பட்டறை அதிர அது இரைந்தது. தட்டுகிற சத்தம் அதற்குள் அமுங்கியது. டேனியல் மூடியைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருந்தார். நான் அக்கா நின்ற இடத்திலேயே நின்றேன்.

மெஷின் தானாக நின்றதும் மூடி அவர் ஒற்றைக் கைக்கே எழுந்து வந்தது.

ராசப்பன் ஏணியில் ஒற்றைக் கால் மாட்டித் தலைகீழாகத் தொங்கினார். இன்னொரு கால் குறுக்கே மடங்கியிருந்தது. கைகள் முதுகுக்குப் பின்னால். கயிறு எதுவும் இல்லை. அவருக்குக் கீழே தொட்டித் தரையில் என் அக்கா கிடந்தாள். எலும்பும் சுடிதாரும் அந்தக் கட்டுத் துணியும்தான் மிச்சம். ஏணியில் தொங்கினபடியே விட்டுத்தான் மூடினார்கள் என்று டேனியல் பிறகு போலீஸிடம் சொன்னார். இப்போது அவள் கால் நீட்டி நேராகப் படுத்திருந்தாள். பக்கத்தில் சீட்டு.

போலீஸ் வந்தது. ராசப்பன் தவறி விழுந்து செத்தார் என்று எழுதினார்கள். டேனியல் அக்காவுக்கு நடந்ததை எல்லாம் சொன்னார். கேஸ் ஆயிற்று, ஜாமீனில் வெளியே வந்தார். நாங்கள் அக்காவை ஊருக்குக் கொண்டுபோனோம். அப்பா தெருவில் நின்று, என் மகள் எங்கேயும் ஓடிப்போகவில்லை என்று சத்தம்போட்டுச் சொன்னார். அம்மா போட்டோவைத் துடைத்து மறுபடி சுவரில் மாட்டினாள். எனக்கு அது போதும் என்றுதான் நினைத்தேன்.

அக்கா உருவம் அச்சாகி வந்த அந்தத் துண்டை நான் எடுத்து வந்திருந்தேன். காரியம் முடிந்த மறுநாள் அதை விரித்துப் பார்த்தேன். அதில் இப்போது தொங்கியது வேட்டி கட்டிய ஆள். நெற்றியில் விபூதிகூட இருந்தது. அவருக்குப் பக்கத்தில், அதே மரச்சட்டத்தில், இன்னொரு கயிறு புதிதாகத் தொங்கியது. ஒரு கால் நுழையும் அளவுக்குச் சுருக்கு. அதில் யாருமில்லை.

சித்திரை மாதம் திருப்பூரில் நான் இருந்த வீட்டுக்கு டேனியல் வந்தார். இடது காலை இழுத்து இழுத்து நடந்தார்.

"மன்னிப்புக் கேக்கத்தான் வந்தனுங்க. அன்னிக்கு மெஷினை ஓட்டுனது நாந்தானுங்க. அவரு சொன்னாரு, நான் ஓட்டுனேன். அது தட்டுனது எனக்குக் கேட்டுச்சுங்க."

"காலுக்கு என்ன?"

"தெரியலீங்க. கணுக்கால்ல ஆரோ கவுத்தக் கட்டி மேல இழுக்கற மாறி இருக்குதுங்க. டாக்டருங்க ஒண்ணுமில்லைங்கறாங்க. ஜெபமெல்லாம் பண்ணிப் பாத்துட்டனுங்க."

நான் மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. டீ போட்டுக் கொடுத்தேன். குடித்துவிட்டுக் கும்பிட்டார். சுவரைப் பிடித்துக்கொண்டு படி இறங்கினார்.

அவர் தெருமுனை திரும்புவதற்குள் பெட்டியைத் திறந்து துண்டை எடுத்தேன். தீக்காய மருந்து வாசனை குப்பென்று வந்தது.

இரண்டாவது சுருக்கு இறுகியிருந்தது. அதற்குள் ஒரு இடது கால், முழங்கால் வரைக்கும் அச்சாகியிருந்தது. மை இன்னும் காயவில்லை.

ஜன்னலுக்கு வெளியே அவர் நொண்டிக்கொண்டு போவது தெரிந்தது. கூப்பிட்டால் கேட்கிற தூரம்தான்.

நான் துணியை மடித்துப் பெட்டியில் வைத்து மூடினேன்.

மூடியின் உள்பக்கம் யாரோ தட்டினார்கள். ஒரே ஒரு தடவை, மெதுவாக.

"கேக்குதுக்கா" என்றேன்.