உள்பக்கம் பார்த்த கணு

காலையில் பல் தேய்த்துக்கொண்டே எட்டிப் பார்த்த தையல்காரிக்கு முதலில் கண்ணில் பட்டது ஜினியாப் பூக்களின் முகம்தான். சிவப்பும் மஞ்சளுமாய் முப்பது பூ இருக்கும். அத்தனையும் வெயிலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வீட்டைப் பார்த்து நின்றன. வீட்டை என்றால் பொத்தாம்பொதுவாக இல்லை. ஆறு வயது மகள் படுத்திருக்கும் அறையின் ஜன்னலை.

'காத்து திருப்பிவிட்டிருக்கும்' என்று வாயைக் கொப்புளித்துத் துப்பினாள்.

ரோஜா, இவர்கள் அந்த வீட்டுக்குக் குடிவரும்போதே இருந்தது. ஜினியா விதை கொடுத்த நர்சரிக்காரர் அன்றைக்கே சொல்லியனுப்பினார்: "ரெண்டையும் சேத்தே வளக்கலாம்மா, ரெண்டுக்குமே வெயில் பைத்தியம். நடுவுல ஒரு முழம் இடம் விடு, காத்து போகணும். ரோஜாவ வெட்டறப்ப மட்டும் வெளிப்பக்கம் பாத்த கணுவுக்கு மேல வெட்டு. உள்பக்கம் பாத்த கணுவுக்கு மேல வெட்டினா, கிளை உள்ளதான் வரும்."

"வந்தா வரட்டுமே, உக்கார வெச்சுக் காபி குடுக்கறேன்" என்று இவள் சிரித்தாள்.

அவர் சிரிக்கவில்லை. விதைப் பொட்டலத்தை நூலால் சுற்றிக்கொண்டே இருந்தார்.

அவளைக் குறை சொல்லாதீர்கள். ஜினியா பூக்கத் தொடங்கிய போன வாரம், நாற்பது சீருடை தைத்துக் கொடுக்க வேண்டியிருந்தது. ஜினியாவுக்கு நிழலடிக்கிறதே என்று, துணி வெட்டும் கத்திரியையே எடுத்துப்போய், கைக்கு வந்த கிளையை வந்த இடத்தில் நறுக்கித் தள்ளினாள். தலைக்கு மேல் வேலை கிடக்கும்போது கணு எந்தப் பக்கம் பார்க்கிறது என்று யார் பார்ப்பார்கள்?

நேற்று பூப்பறிக்கப் போன மகளின் மணிக்கட்டில் முள் கீறிவிட்டது. இவள் மருந்து தடவிக் கட்டுப் போட்டாள். இன்றைக்குக் குழந்தைக்கு உடம்பு அனலாய்க் கொதித்தது. பள்ளிக்கூடத்துக்கு அனுப்பவில்லை. பதினோரு மணிக்கு டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போவதாகத் திட்டம். அதற்குள் நாலு காலர் தைத்துவிடலாமென்று மிஷினில் உட்கார்ந்தாள்.

மிதியை நிறுத்தும்போதெல்லாம் ஒரு சத்தம் கேட்டது. யாரோ பழைய துணியை அவசரமில்லாமல், இழை இழையாகக் கிழிப்பது போல. மிதித்தால் கேட்காது. நிறுத்தினால் கேட்கும். பன்னீர் வாசனையும், அதற்கடியில் பச்சைத் தண்டு நசுங்கிய வாசனையும் கூடத்துக்குள் மெல்ல நிரம்பிக்கொண்டிருந்தன. ஊசியில் நூல் கோக்கக் கண் தெரியாமல் எழுந்துபோய் லைட்டைப் போட்டாள்.

பகல் பத்தரை மணிக்கு லைட்டா?

ஜன்னலைப் பார்த்தாள். கம்பிக்குக் கம்பி இலை. இலைக்கு இலை முள்.

பஸ் ஓட்டும் கணவனுக்குப் போன் போட்டாள். "என்னங்க, ரோஜா ஜன்னலை மூடிடுச்சு."

"ரோஜாவுக்குக் கால் முளைச்சிருச்சா? தூக்கமில்லாம தைக்காதேன்னா கேக்கறியா நீ?" பின்னால் இன்ஜின் உறுமியது. "வண்டிய எடுக்கணும்டி. சாயங்காலம் வந்து வெட்டிடறேன். குட்டிய டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போ."

வைத்துவிட்டான்.

மூன்று பக்கமும் அடுத்த வீடுகளின் சுவர். வழி ஒன்றுதான், வாசல் கதவு. தாழ்ப்பாளைத் தள்ளி உள்பக்கமாக இழுத்ததும், அதுவரை கதவில் சாய்ந்து காத்திருந்த கிளைகள் நடையில் சரிந்து விழுந்தன. கட்டைவிரல் தடிமன். அவற்றின் நடுவே ஜினியாக்கள், முகம் உயர்த்தி.

கத்திரியை எடுத்தாள். ஒன்றை வெட்டினாள். வெட்டின இடத்தில் சிவப்பாய் இரண்டு கணு புடைத்து, அவள் மூச்சு விடுவதற்குள் இரண்டு தளிராய் நீண்டது. இன்னொன்றை வெட்டினாள். அதுவும் இரண்டு. நாலு. எட்டு. எல்லாம் உள்ளே. உள்ளே.

"யாராவது இருக்கீங்களா!"

அந்தக் குரல் இலைக்குள் போய் அப்படியே அமுங்கிவிட்டது.

கை நின்றது. வெட்டினால்தான் வளர்கிறது. வெட்டாமல் போக வழியில்லை. பின்னால் நகர்ந்தாள். மிஷினில் இடித்துக்கொண்டாள். கிளைகள் அவளைத் தொடக்கூட இல்லை. ஒதுங்கிப் போயின. மகளின் அறைப் பக்கம்.

முந்திக்கொண்டு அந்த அறைக்குள் ஓடினாள். கதவைச் சாத்தினாள். பாயைச் சுருட்டி இடுக்கில் திணித்தாள். அறை ஜன்னல் முழுக்க ஜினியா முகங்கள், கம்பியில் கன்னத்தை ஒட்டிக்கொண்டு.

குழந்தை எழுந்து உட்கார்ந்திருந்தது. காய்ச்சல் இறங்கி, முகம் தெளிவாக இருந்தது.

"அம்மா, அரிக்குதும்மா."

"எங்கடா கண்ணு?"

கையை நீட்டியது. கட்டுத்துணி நனையவில்லை. ரத்தமில்லை. நடுவில் மட்டும் லேசாகத் தூக்கிக்கொண்டிருந்தது. பிரித்தாள்.

முள் கீறின இடத்தில், தோலுக்கு மேலே, அரிசி அளவில், சிவப்பாய், பளபளப்பாய், ஒரு கணு.

"வெட்டி விடும்மா" என்றது குழந்தை.

அவள் வலது கையில் கத்திரி இன்னும் திறந்தபடியே இருந்தது. கதவுக்கு அந்தப் பக்கம், இழை இழையாகக் கிழிகிற அந்தச் சத்தம் நின்றுவிட்டது. ஜன்னலில் அத்தனை பூவும் அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தன.

அவள் குனிந்து கணுவைப் பார்த்தாள்.

அது உள்பக்கம் பார்த்திருந்தது.