பெட்டியின் அடியில் இருந்த உரை

ரங்கூன், 1926. காலை ஆறரை மணி.

மிங்கலா தாங்ஞுன்ட் பேட்டையில், ரயில் பாதையை ஒட்டிய ஒரு மாடிவீட்டில் யூதர்கள் சிலர் தொழுகை நடத்தி வந்தார்கள். அவர்களுடைய குரு ஹாகாம் எஸ்ரா, ஆற்றின் அக்கரையில் சிரியம் ஊரில் இரவு தங்கிவிட்டு முதல் படகில் வந்து கதவைத் திறந்தார். புத்தகப் பெட்டியின் பூட்டை யாரோ நெம்பியிருந்தார்கள். மூன்று புத்தகங்கள் மேசைமேல் இருந்தன. பெட்டியின் அடியில் கிடந்த நான்காவது, கையால் எழுதிய பழைய உரை, காணோம்.

இன்ஸ்பெக்டர் ஏசுரத்தினம் வருவதற்குள் அந்த வீட்டுக் காவல்காரன் நல்லையாவின் கையில் விலங்கு ஏறிவிட்டது. மாட்டச் சொன்னவர் தொழுகைச் சபையின் செயலாளர் மெனாஷே. படிக்கதவு உடைபடவில்லை; அதன் சாவி ஹாகாம், மெனாஷே, நல்லையா மூவரிடம் மட்டும். ஹாகாம் ஊரில் இல்லை. மெனாஷே கோட்டு போட்டவர். மிச்சம் யார்? போலீசுக்கு இவ்வளவு கணக்குப் போதும். நல்லையாவுக்கு இன்சீன் ஜெயில்தான்.

ஏசுரத்தினம் மேசையைப் பார்த்தார். மூன்றில் பெரியது மேலே, அடுத்தது நடுவில், சின்னது அடியில். தொட்டால் சரியும் அடுக்கு. அதை யாரும் தொடவில்லை என்றார் ஹாகாம்.

"நல்லையா, இங்க தூசி தட்டுறது நீதானே?"

"ஆமாங்கய்யா. அதுக்குத்தான் சாமிகிட்ட வாராவாரம் ஏச்சு."

எதற்கென்று ஹாகாமே இந்துஸ்தானியில் அலுத்துக்கொண்டார். இவன் பெரிசை அடியில் போட்டுச் சின்னதை மேலே வைப்பானாம். வருஷக்கணக்கில் சொல்லியும் கேட்பதில்லையாம்.

"சரிஞ்சா யாருங்க பொறுக்குறது?" என்றான் நல்லையா, விலங்கோடு.

போனது என்ன புத்தகம் என்று கேட்டார் ஏசுரத்தினம். ஹாகாம் அடுக்கின் அடியிலிருந்த சட்ட நூலை உருவி விரித்தார். பக்கத்தின் நடுவில் இருப்பது சஃபேத் ஊரில் ஒருவர் தொகுத்த சட்டம். போலந்தில் இன்னொருவர், எங்கள் வழக்கம் வேறு என்று அதற்குள்ளேயே எழுதிச் சேர்த்தார். பின்னால் வந்தவர்கள் இருபுறமும் உரை எழுதினார்கள். மறுத்தவன் பேச்சும் மறுக்கப்பட்டவன் பேச்சும் ஒரே பக்கத்தில். யாரும் யாரையும் அடிக்கவில்லை. ஏசுரத்தினம் தம்மை அறியாமல் தொப்பியைக் கழற்றப் போனார். இங்கே கழற்றக் கூடாது என்று ஹாகாம் சைகை காட்டினார்.

காணாமல் போனது அந்தச் சட்டத்துக்கு மெனாஷேயின் தாத்தா பாக்தாத்தில் எழுதிய உரை. போன மாதம்தான் ஹாகாம் அதன் ஓரத்தில் தம் மறுப்பை எழுதத் தொடங்கியிருந்தார்.

ஏசுரத்தினம் மெனாஷேயிடம் திரும்பினார்.

"பெட்டியில மேல இருந்தது எது?"

"வேதம். அந்தப் பெரிய புத்தகம்."

"அப்ப முதல்ல வெளிய வர்றது அதுதான். மேசையில அது அடியில கிடக்கணும். இங்க உச்சியில இருக்கு. ஒவ்வொண்ணா எடுக்கும்போதும் வேதத்தைத் தூக்கி, அதுக்குக் கீழ செருகியிருக்கான். திருட வந்தவனுக்கு எதுக்கு இந்த வேலை?"

ஹாகாமின் முகம் வெளுத்தது. வேதத்தின்மேல் வேறு புத்தகம் வைக்கக் கூடாது, அது எங்கள் சட்டம் என்றார்.

"நல்லையா அதை ஒருநாளும் மதிச்சதில்ல. நீங்க திருடும்போதுகூட மீறல, மெனாஷே சார்."

மெனாஷே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். புத்தகம் வீட்டில், தலைமாட்டில் இருக்கிறது என்றார். தாத்தா எழுதியது தப்பு என்று எழுதுவதை அவரால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

"தப்பென்று எழுத, அவரை எத்தனை தடவை படித்தேன் தெரியுமா?" என்றார் ஹாகாம்.

பிறகு புகார் வேண்டாம் என்று சொல்லி, சட்ட நூலில் ஓரிடத்தைக் காட்டினார். மனிதனுக்குச் செய்த தீங்கை அந்த மனிதன்தான் மன்னிக்க வேண்டும். நேரில் போய்க் கேட்க வேண்டும். மறுத்தால் மறுபடியும், மூன்று முறை வரை.

விலங்கு கழன்றது. மெனாஷே எழுந்து நல்லையாவின் முன்னால் போய்த் தலைகுனிந்து மன்னிப்புக் கேட்டார். கண் காணாத ஊர்களில் எப்போதோ எழுதிய எழுத்து, கோட்டு போட்ட ஒருவரைக் காவல்காரன் முன்னால் நிறுத்திவிட்டது. ஏசுரத்தினத்துக்கு உடம்பு சிலிர்த்தது. கேள்விப்பட்டிருந்தால் நம்பியிருக்க மாட்டார்.

நல்லையா மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டான்.

"இன்னிக்கு ஆகாதுங்க. நாளைக்கு வாங்க, பார்ப்போம்."

மறுநாள் தொழுகைக்கு முன்பே மெனாஷே வந்து, படி கூட்டிக்கொண்டிருந்தவன் நிமிரும்வரை நின்றார்.